கடைசியாக ஏறும் பெட்டி

புது வீட்டின் பின் அறைச் சுவரில் ஆறடி உயரக் கண்ணாடி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார் கார்பெண்டர். கதவு ஜன்னல் அளவெடுக்க வந்த டேப்பக்காவுக்கு அதைப் பார்த்ததும் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாற்பத்து மூன்று வயதில் தனக்கென்று ஓர் அறை. அதில் இவ்வளவு பெரிய கண்ணாடியுமா? அண்ணன் சொல்லவே இல்லையே!

"எதுக்குங்க இவ்ளோ பெரிசு? முகம் பாக்க ஒரு சாண் போதுமே."

"முகம் பாக்கவா? நடக்கறதைப் பாக்கறதுக்கும்மா." கார்பெண்டர் வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுப் பேசினார். "இங்கதான் ட்ரெட்மில் வருது. நடக்கறப்ப இடுப்பு எவ்ளோ எறங்கியிருக்குன்னு மேடம் பாத்துக்கணுமாம். அவங்க இடுப்பு எறங்குதோ இல்லையோ, இதைத் தூக்கிட்டு ரெண்டு மாடி ஏறினதுல என் இடுப்பு போச்சு."

"இந்த ரூம் சாரோட தங்கச்சிக்குன்னு சொன்னாங்களே?"

"அதெல்லாம் பழைய கதை. அந்தம்மாவை ஹாஸ்டல்ல விடறாங்க. மூணு பேர் ரூம்ல ஒரு கட்டில். சாமானெல்லாம் இங்க வந்து எறங்கினப்புறம் சொல்லிக்கலாம்னு ரெண்டு பேரும் இதே எடத்துல நின்னுதான் பேசினாங்க. முன்னாடியே சொல்லிட்டா மூட்டை கட்டறது யாரு? அந்தம்மா ஏதோ பேக்கிங் கம்பெனில பெரிய கையாமே." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஆமா, நீங்க யாரு?"

"பேக்கிங் கம்பெனி," என்றாள் டேப்பக்கா.

கதவின் அகலத்தை இரண்டு தடவை அளந்தாள். இரண்டு தடவையும் ஒரே அளவுதான் வந்தது. அதுவே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

டேப்பக்கா என்பது கம்பெனிப் பையன்கள் வைத்த பெயர். இடுப்பில் இரண்டு டேப் உருளை, தோளில் அளவு டேப், வாயில் எப்போதும் ஒரு துண்டு டேப். பதினேழு வருஷத்தில் அவள் மூட்டை கட்டிய வீடுகள் எத்தனை என்று அவளுக்கே கணக்குக் கிடையாது. பீங்கான் தட்டுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி அடுக்குவாள். புத்தகத்தைச் சின்னப் பெட்டியிலும் தலையணையைப் பெரிய பெட்டியிலும் போடுவாள். கட்டிலைப் பிரித்தால் அதன் போல்ட்டுகளைத் துணிப்பையில் போட்டு முடிச்சுப் போடாமல் அடுத்த வேலைக்குப் போகமாட்டாள்.

ஊரார் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்தவளுக்குச் சொந்த வீட்டில் கதவு வைத்த இடம் இல்லை. அண்ணனுக்குக் கல்யாணமானபோது தன் அறையைக் காலி செய்து கொடுத்து, ஒத்தைக் கட்டிலைச் சுவரில் சாய்த்தாள். அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக ஹாலுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருந்த நடைபாதையில்தான் படுக்கை. தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் அவளைத் தாண்டிக்கொண்டு போவார்கள். அவளும் காலை மடக்கி வழி விடுவாள். பழக்கமாகிவிட்டது.

வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் அதை விற்றுப் புது வீடு வாங்குவதற்குக் கையெழுத்து வேண்டும் என்று அண்ணன் வந்து நின்றான்.

"பின் ரூம் ஒனக்குத்தான். தனி பாத்ரூம். தனிக் கதவு. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நீ பாட்டுக்கு இரு. எவன் கேக்கறது?"

தாழ்ப்பாள் என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.

புது வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு அழுகை வரவில்லை. மனசுதான் இறுகிக்கொண்டே போயிற்று. எட்டு முழம் டேப்பை இழுத்து ஒட்டினால் பெட்டி எப்படி இறுகுமோ அப்படி. வீட்டுக்குப் போனதும் சண்டை போடலாம். போட்டால் அண்ணன் தலையைக் குனிவான், அண்ணி அழுவாள், நாலு நாள் கழித்து ஹாஸ்டல்காரி போன் செய்வாள். கத்துகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்று அண்ணிக்கு நன்றாகத் தெரியும். பேசாமல் வேலை செய்கிறவளை எப்படிச் சமாளிப்பது என்று அவள் இனிமேல்தான் படிக்கவேண்டும்.

டேப்பக்கா பேசாமல் வேலை செய்தாள்.

பெட்டிகளில் எண் மட்டும்தான் போடவேண்டும் என்பது அண்ணியின் உத்தரவு. "சமையல் பாத்திரம், பட்டுப்புடவைன்னு எழுதி வெச்சா ஏத்தறவனுங்க எதை உருவலாம்னு பாப்பானுங்க. வெறும் நம்பர் போடு. எதுல என்னன்னு ஒன் நோட்டுல எழுதிக்க."

"நோட்டு தொலைஞ்சா கஷ்டம் அண்ணி. ஒரு காப்பி நீங்க வெச்சுக்கங்க."

"எனக்கு எதுக்கு அந்த எழவு? நீதான் கூடவே இருக்கப் போறியே?"

கூடவே இருக்கப் போறியே! முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னாள். டேப்பக்கா பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டாள். பெட்டிகள் தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றன. எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம்.

கடைசியாக ஒரு பெட்டி. அதற்கு எண் கிடையாது. கம்பெனியில் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இந்தக் கைப்பெட்டிதான். புது வீட்டில் காலை வைத்ததும் எதெல்லாம் தேடுவோமோ அதெல்லாம் இதில் இருக்கவேண்டும். அண்ணனின் பிரஷர் மாத்திரை, அடையாள அட்டைகள் வைத்த ஃபைல், போன் சார்ஜர்கள், நாலு பல்பு, ஸ்க்ரூ டிரைவர், கத்தரிக்கோல், கட்டில் போல்ட்டுப் பை, கேஸ் ரெகுலேட்டர், சோப்பு, துண்டு, ஆளுக்கு ஒரு மாற்றுத்துணி, ஒரு பாய், ஒரு பூட்டு, கெட்டில், டீத்தூள், சர்க்கரை, பால் பவுடர், ரொட்டி. எல்லாவற்றுக்கும் மேல் அந்த நோட்டு. இந்தப் பெட்டியை லாரியில் ஏற்றக்கூடாது. வீட்டுக்காரர்களின் காரில், அவர்கள் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மழை வருவேன் வரமாட்டேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தது. லாரிக்காரர்கள் பீரோவை முதுகில் கட்டி இறக்கினார்கள். டேப்பக்கா கைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரிடம் போனாள். காரின் பின் சீட்டு முழுக்கத் தொட்டிச் செடிகள். டிக்கியிலும் செடிகள்.

"அண்ணி, இது கார்ல போகணும்."

"எங்க வெக்கறது? பாக்கறல்ல?"

"ரெண்டு தொட்டியை லாரில வெக்கலாம். இந்தப் பெட்டி ஒங்ககிட்டதான் இருக்கணும். அவசரத்துக்கு வேண்டியதெல்லாம் இதுலதான் இருக்கு."

"லாரில போட்டா செடி வாடிடும். நீ லாரிலதானே வர்ற? மடில வெச்சுக்கயேன், தங்கமா போகுது. நாங்க எங்க அக்கா வீட்டுல சாப்பிட்டுட்டு நாலு மணிக்கு வந்துடறோம். அதுக்குள்ள நீ எல்லாத்தையும் எறக்கி அடுக்கி வெச்சுடு."

"ரெண்டாவது தடவையாச் சொல்றேன் அண்ணி. கார்ல வெச்சுக்கங்க."

"சொன்னா புரியாதா ஒனக்கு?"

அண்ணன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தப்பித்துக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்த கடைசிச் சந்தர்ப்பத்தின் இடத்தில் இரண்டு குரோட்டன்ஸ் செடிகள் உட்கார்ந்திருந்தன. டேப்பக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாரியின் முன் சீட்டில் ஏறினாள்.

புது வீட்டு வாசலில் லாரி நின்றதும் சாமான் இறக்கும் ஆட்களின் மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"மேஸ்திரி, மொதல்ல என் ஒத்தைக் கட்டில். பின் ரூம். அதை முடிச்சுட்டுத்தான் மத்ததெல்லாம்."

"சரிக்கா. பெட்டிங்க?"

"எல்லாம் பெரிய பெட்ரூம். சுவத்தோட சுவரா வெச்சு, கூரை வரைக்கும் ஏத்திடு."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அவளோடு எட்டு வருஷம் வேலை செய்தவர். "எல்லாத்தையுமா? அப்புறம் அவங்க கட்டில் எங்கக்கா போடறது?"

"போட முடியாது."

"நம்பர் வரிசையா?"

"வரிசை வேணாம். கைக்கு வந்தபடி."

மேஸ்திரி அவள் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஆட்களிடம் திரும்பி, "டேய், கைக்கு வந்தபடியாம்டா!" என்றார். "அப்ப இந்த நடக்கற மெஷினு?"

"சமையல்கட்டு. அடுப்பு மேடைக்கு முன்னாடி. நடந்துக்கிட்டே சமைக்கட்டும்."

லாரிக்காரர்கள் அன்றைக்கு வேலை செய்த வேகத்தைப்போல் அவள் என்றுமே பார்த்ததில்லை. மூன்றரை மணிக்குப் பெரிய பெட்ரூம் ஒரு கிடங்காகிவிட்டது. மேஸ்திரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "ஏதாச்சும்னா போன் பண்ணுக்கா. நாங்க அடுத்த தெருவுலதான் டீ குடிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஹாலில் ஷெல்ஃப் அடித்துக்கொண்டிருந்த கார்பெண்டர் ஒன்றும் கேட்கவில்லை. இவள் யார் என்பது அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. சுத்தியலை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகத் தட்டினார்.

டேப்பக்கா கைப்பெட்டியோடு பின் அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். புதுத் தாழ்ப்பாள். கொஞ்சம் இறுக்கம். உட்கார்ந்த கையோடு கெட்டிலைச் சொருகினாள்.

அவர்கள் வந்தபோது மணி நாலே முக்கால். முதலில் அண்ணியின் சிரிப்பு கேட்டது. பிறகு பெட்ரூம் கதவைத் திறக்கும் சத்தம்.

"என்னாங்க இது! எங்க அவ? ஏய்! எங்க இருக்க நீ?"

"பின் ரூம்ல அண்ணி."

கதவின் கைப்பிடி கீழே இறங்கி மேலே ஏறிற்று. "கதவைத் தெற!"

"தெறக்கறதுக்கில்ல. வேணுங்கறதைக் கேளுங்க. கதவுக்குக் கீழ ரெண்டு விரக்கடை சந்து இருக்கு."

"வெளையாடறியா? கட்டிலெல்லாம் பிரிச்சே கெடக்கு. சமையல்கட்டுல காலை வெக்க எடமில்ல. லைட்டைப் போட்டா ஹோல்டர்தான் இருக்கு, பல்பு இல்ல!"

"முன்னாடி இருந்தவங்க கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. எங்கிட்ட நாலு இருக்கு."

வெளியே குசுகுசுவென்று பேச்சு. அண்ணனின் குரல் வந்தது. "என்னம்மா ஆச்சு ஒனக்கு?"

"நீ சாப்பிட்டியாண்ணே?"

"ம்."

"அப்ப மாத்திரை போடணும்ல? இந்தா." அட்டையைச் சந்து வழியாகத் தள்ளினாள். "இதுக்கு வெலை கெடையாது. நீ தெம்பா இருந்தாத்தான் மத்தது எல்லாத்துக்கும் பதில் சொல்ல முடியும்."

"வெலையா? என்ன வெலை?"

"பல்பு வேணுமா? உண்மையைச் சொல்லு. இந்த ரூம் எனக்கில்லைன்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

ஹாலில் சுத்தியல் நின்றது. கார்பெண்டரைத் திரும்பி முறைத்திருக்கவேண்டும் அண்ணி. "எம்மேல ஏன் மேடம் பாயறீங்க? நான் கண்ணாடி மாட்ட வந்தவன்!" என்று அவர் அலறினார்.

"அது... இப்பத்தான், ரெண்டு வாரம்..." அண்ணன் இழுத்தான்.

"பொய்க்குப் பல்பு கெடையாதுண்ணே."

ஜன்னலுக்கு வெளியே மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. அறைக்குள் டீ வாசனை. அது கதவுச் சந்து வழியாக வெளியே போகும் என்று அவளுக்குத் தெரியும். ரொட்டியை அதில் நனைத்து நிதானமாகத் தின்றாள்.

அவர்கள் கார்ச் சாவியால் டேப்பைக் கிழித்து ஒரு பெட்டியைத் திறக்கும் ஓசை கேட்டது. "ஸ்வெட்டரு!" என்றாள் அண்ணி. இன்னொன்று. "கல்யாண ஆல்பம்!" மூன்றாவதை இறக்கும்போது எதுவோ சரிந்தது. அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

"லாட்ஜுக்குப் போயிடலாம் வா," என்றான்.

"அடையாள அட்டை கேப்பாங்கண்ணே," என்றாள் டேப்பக்கா உள்ளேயிருந்து. "ஃபைலு எங்கிட்ட இருக்கு."

"அப்ப ஒங்க அக்கா வீட்டுக்காவது..."

"செத்தாலும் மாட்டேன்!" அண்ணியின் குரல் கிறீச்சிட்டது. "புது வீட்டுக்குப் போன அன்னைக்கே படுக்க எடமில்லாம வந்து நிக்கறான்னு ஊர் பூராச் சொல்லுவா அவ. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அவளும் அவ பொண்ணும் வீடு பாக்க வர்றாளுங்க. தெரியும்ல?"

"கதவை ஒடைச்சுடவா?"

"ஒடைங்களேன். புதுக் கதவு சார்," என்றார் கார்பெண்டர். "போட்டவன் நான். சட்டத்தோட பேத்துக்கிட்டு வரும். செவுத்தையும் சேத்துக் கட்டணும்."

ஆறு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. வீடு முழுக்க இருட்டு. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் தரையில் உட்கார்ந்தான். அந்த மூச்சுச் சத்தம் அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். தப்பு செய்துவிட்டு வருகிறபோது இப்படித்தான் மூக்கால் விடுவான்.

"மூணு மாசம் ஆச்சும்மா," என்றான். "ஹாஸ்டல்ல ஒம் பேரைக் குடுத்து மூணு மாசம்."

டேப்பக்காவின் கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் அவள் கையெழுத்துப் போட்டாள். அதற்கும் இரண்டு மாசத்துக்கு முன்னால் அவர்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள். தாழ்ப்பாள், தனிக் கதவு என்று சொன்னபோதே அவனுக்குத் தெரியும். அறையை அண்ணி பிடுங்கியிருப்பாள், அண்ணன் கடைசி நிமிஷத்தில் வாயடைத்துப் போயிருப்பான் என்று அவனுக்காக ஒரு மூலையில் கொஞ்சம் இரக்கம் வைத்திருந்தாள். அதை எடுத்து வெளியே போட்டாள்.

இரண்டு பல்புகளைச் சந்து வழியாக உருட்ட முடியவில்லை. கதவை ஒரு கை நுழையும் அளவு திறந்து, நீட்டி, அவன் வாங்கியதும் மறுபடி தாழிட்டாள். அந்த ஒரு விநாடியில் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

"அடுத்து கட்டில் போல்ட்டு," என்றாள். "அண்ணி, அந்த ஹாஸ்டலுக்கு இப்ப போன் பண்ணுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

"என் போன்ல சார்ஜ் இல்ல."

"சார்ஜர் தர்றேன். இது இனாம்."

வெளியே பிளக்கில் சொருகும் சத்தம். மணி அடிக்கும் சத்தம். "ஹலோ, அந்த ஒரு பெட் சொல்லியிருந்தோமில்ல... வேணாம். ஆமா. இல்ல, அவங்க வரலை. எங்ககூடவே இருக்காங்க." கடைசி இரண்டு சொற்கள் பல்லுக்கு நடுவில் அரைபட்டு வந்தன.

"சத்தமா அண்ணி. அவங்களுக்குக் கேட்டிருக்காது."

"எங்ககூடவே இருக்காங்க!"

கார்பெண்டர் இருமினார். அது இருமல் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

"இப்ப ஒரு பேப்பர்ல எழுதுங்க. இந்த ரூம் அவளுக்கு, அவ இருக்கற வரைக்கும். ரெண்டு பேரும் கையெழுத்து. நாளைக்கு நான் அதை வக்கீல்கிட்ட கொண்டுபோய் ஒழுங்கா எழுதி வாங்கிக்குவேன். அதுக்கும் நீங்க வந்து கையெழுத்துப் போடுவீங்க. கார்பெண்டரண்ணே, சாட்சி போடுவீங்களா?"

"போடறேம்மா. பென்சில்தான் இருக்கு."

"பேனாவும் எங்கிட்ட இருக்கு."

காகிதம் உள்ளே வந்தது. படித்தாள். அண்ணியின் கையெழுத்து இல்லை. அதைத் திருப்பித் தள்ளினாள். காகிதம் மறுபடி வந்தபோது பேனா அழுத்திய இடத்தில் தாள் கிழிந்திருந்தது. கையெழுத்து மட்டும் தெளிவாக இருந்தது.

போல்ட்டுப் பையை வெளியே கொடுத்தாள். சோப்பு, துண்டு, அவர்கள் இரண்டு பேரின் மாற்றுத்துணி, ரெகுலேட்டர், அடையாள அட்டை ஃபைல், ரொட்டியில் பாதி. ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது ஒரு வீட்டை முறையாக ஒப்படைக்கிற அந்தப் பழைய நிதானம் அவள் கையில் வந்திருந்தது. ஆனால் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூணு மாசம் என்ற சொல் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

"நோட்டு எங்க?" என்றாள் அண்ணி.

"நோட்டு எங்கிட்ட இருக்கும்."

"எல்லாம் எழுதிக் குடுத்தாச்சில்ல? இன்னும் என்ன?"

"ரூமுக்கு எழுதிக் குடுத்தீங்க. மூணு மாசம் என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சதுக்கு?" டேப்பக்கா கதவோடு முதுகைச் சாய்த்துக்கொண்டாள். "மொத்தம் தொண்ணூத்திரெண்டு பெட்டி அண்ணி. ஒரு நாளைக்கு ஒரு பொருள் கேளுங்க, ஒரு நம்பர் சொல்றேன். சரியா மூணு மாசம் வருது."

"நாங்களே பிரிச்சுப் பாத்துக்குவோம்!"

"பாருங்க. அடில இருக்கறது வேணும்னா மேல இருக்கறதை எறக்கணும். அண்ணனுக்கு இடுப்பு புடிச்சிருக்கு. ஆள் வேணும்னா எங்க கம்பெனிக்கு போன் பண்ணுங்க. வர்றது நானாத்தான் இருப்பேன்."

ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டுக் கட்டில் பூட்டும் சத்தம் கேட்டது. கார்பெண்டர் போல்ட்டு முறுக்கிக் கொடுத்துவிட்டு, "வர்றேம்மா" என்று அவள் கதவைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மழை ஓய்வதற்குள் டேப்பக்கா தூங்கிப்போனாள். காலை மடக்காமல், கட்டிலின் முழு நீளத்துக்கும் நீட்டிப் படுத்தாள்.

காலையில் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. குளித்தாள். உடை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஆறேகாலுக்குக் காலடிச் சத்தம் கதவு வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. ஆறரைக்கு மறுபடி வந்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

டொக் டொக்.

இத்தனை வருஷத்தில் அவளைக் கூப்பிடுவதற்காக யாரும் எதையும் தட்டியதில்லை. டேப்பக்கா அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இன்னொரு தடவை தட்டட்டும்.

டொக் டொக் டொக்.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா?"

வெளியே ஒரு பெருமூச்சு. "அண்ணி. பத்து மணிக்கு அவங்க வந்துடுவாங்க. காப்பி டம்ளரு எந்தப் பெட்டில..."

நோட்டு மடியில்தான் விரிந்து கிடந்தது. அறுபத்தெட்டு என்பது நோட்டைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும்.

"தூங்கிட்டிருக்கேன் அண்ணி," என்றாள் டேப்பக்கா, தெளிவான குரலில். "கொஞ்சம் கழிச்சு வாங்க."

காலடிச் சத்தம் உடனே நகரவில்லை. பிறகு மெதுவாக ஹால் வரைக்கும் போய் நின்றது. திரும்பி வரும்.